பழைய லேப்டாப்பும் நின்றுபோகும் முகங்களும்: வெப்கேமராவின் முப்பத்துச் சொச்ச வருடக் கதை

வெளியூரில் பிழைக்கும் நம் குடும்பங்களில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. இங்கே புது லேப்டாப் வந்தால் பழசு ஊருக்குப் போகும். அப்பா பேப்பர் படிக்க, அம்மா சீரியல் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்தி முகம் பார்க்க. போன கொஞ்ச நாளில் புகாரும் வந்துவிடும். "குரல் வருது, மூஞ்சி மட்டும் அப்படியே நிக்குது." உடனே எல்லோரும் சேர்ந்து இணைப்பைத் திட்டுவோம். 40 எம்பிபிஎஸ் பிளான் 100 ஆகும். மாதாமாதம் பில் கூடும். மூஞ்சி மட்டும் அப்படியேதான் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அதே வீட்டில், அதே வைஃபையில், எதிர்வீட்டுப் பையன் தன் ஃபோனை நீட்டி "இதுல பேசுங்க பாட்டி" என்றால் படம் தண்ணீர் மாதிரி ஓடும். ஃபோன் விலை பத்தாயிரம். லேப்டாப் வாங்கும்போது நாற்பதாயிரம். அப்படியென்றால் கோளாறு இணைப்பில் இல்லை என்பது தெரிகிறது. பின்னே எங்கே?

பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பி.காம். படித்தவன், இஞ்சினியர் இல்லை. ஆனால் இந்தக் கதையில் முக்கால்வாசி கூட்டல் பெருக்கல்தான். அது நமக்குப் பழக்கமான சங்கதி.

1991. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம். அங்கே ட்ரோஜன் ரூம் என்று ஓர் அறை, அதன் அருகே எல்லோருக்கும் பொதுவாக ஒரு காப்பி மெஷின். வேறு மாடிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். (காப்பி விஷயத்தில் வெள்ளைக்காரனும் நம்மாள்தான்.) குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் ஒரு கேமராவை அந்தப் பாத்திரத்தை நோக்கித் திருப்பி வைத்து, அதைப் பழைய ஏகார்ன் கணினி ஒன்றில் இணைத்தார்கள். படம் 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை மாறும். உட்கார்ந்த இடத்திலிருந்தே காப்பி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். 1993 நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் இருவரும் அதை இணையத்தில் ஏற்றினார்கள். உலகின் முதல் வெப்கேமரா என்று சொல்லப்படுவது இதுதான்.

நிமிடத்துக்கு மூன்று படம் என்றால் இருபது வினாடிக்கு ஒன்று. ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. காப்பிப் பாத்திரம் பேசாது, தலையாட்டாது, "கேக்குதா, கேக்குதா" என்று கத்தாது. தாமதம் ஒரு பிரச்சினையாக ஆனது கேமராவுக்கு முன்னால் மனிதர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

அந்தக் கேமராவை 2001 ஆகஸ்ட் 22 அன்று நிறுத்தினார்கள். ஆய்வகம் புதுக் கட்டிடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய மென்பொருளையும் பழைய மெஷினையும் கட்டி மேய்ப்பதும் கஷ்டமாகிவிட்டிருந்தது. ஆக முதல் வெப்கேமராவுக்கே பழைய கணினிதான் ஒரு வினை! அந்தக் காப்பி மெஷினை ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

மனிதர்களைக் காட்டும் முயற்சி அதற்குள் தொடங்கிவிட்டது. 1992ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சியூ-சீமீ என்ற மென்பொருள் வந்தது. 1994ல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி குவிக்கேம் என்று உருண்டையாக, பந்து மாதிரி ஒரு கேமராவை விட்டது. விலை சுமார் 100 டாலர். சாம்பல் நிறத்தில் 16 சாயல்கள், 320க்கு 240 புள்ளிகள், வினாடிக்கு அதிகபட்சம் 15 படம். சாதாரண ஆள் கடையில் வாங்கி வீட்டுக் கணினியில் மாட்டக்கூடிய முதல் கேமராவாக அதைத்தான் சொல்கிறார்கள். 1998ல் அந்த வியாபாரத்தை லாஜிடெக் வாங்கிக்கொண்டது.

இங்கே கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 320ஐ 240ஆல் பெருக்கினால் 76,800 புள்ளிகள். 16 சாயல் என்றால் புள்ளிக்கு 4 பிட். ஆக ஒரே ஒரு படத்துக்கு 3,07,200 பிட். அந்தக் காலத்து நல்ல மோடம் வினாடிக்கு 28,800 பிட் அனுப்பும். சுருக்காமல் அனுப்பினால் ஒரு படம் போய்ச் சேர பத்து வினாடிக்கு மேல். குரலுக்கு இடமே இல்லை.

இந்தியாவின் நிலைமை இன்னும் மோசம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்தபோது டயல்-அப் வேகம் 9.6 கேபிபிஎஸ். பிற்காலத்தில் சாதாரணமான 640க்கு 480 படத்தை, நிறத்தோடு, வினாடிக்கு 30 என்று கணக்கிட்டால் ஒரு வினாடிக்கு 14 கோடியே 74 லட்சம் பிட். 1995ன் அந்த இணைப்பில் ஒரு வினாடி வீடியோ போய்ச்சேர நாலே கால் மணி நேரம் பிடித்திருக்கும். கரண்டு போகாமல் இருந்தால் :-)

2000த்தை ஒட்டிய வருடங்களின் பிரவுசிங் சென்டர்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தட்டி அடைப்பு, சின்ன ஸ்டூல், காதில் கடிக்கும் ஹெட்செட், மானிட்டர் மேல் ஒட்டி வைத்த கேமரா. வளைகுடாவில் இருக்கும் மகனைப் பார்க்கக் குடும்பமே பஸ் ஏறி வந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, யாகூ மெசஞ்சரில் தபால்தலை அளவுக்கு ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். ஒரே லைனை ஏழெட்டு மெஷின்கள் பங்கு போட்டுக்கொள்ளும். 2004ல் வந்த பிராட்பேண்ட் கொள்கையே 256 கேபிபிஎஸ் இருந்தால் பிராட்பேண்ட் என்று சொன்னது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது படம் நின்றால் குற்றவாளி லைன்தான். சந்தேகமே வேண்டாம். அந்தப் பத்து வருடத்தில்தான் "படம் நின்றால் லைனைத் திட்டு" என்ற பாடம் நமக்கு மனப்பாடம் ஆனது. அப்போது அது சரியான பாடமும்கூட.

லைனுக்கு முன்னால் இன்னொரு முடிச்சும் இருந்தது. கேமராவிலிருந்து கணினிக்கு வரும் ஒயர். முதல் குவிக்கேம் மேக் கணினியின் சீரியல் போர்ட்டிலும், பிறகு வந்தவை பிரிண்டர் மாட்டும் போர்ட்டிலும் தொங்கின. யூஎஸ்பி வந்தது, ஆனால் அதன் முதல் தலைமுறை வினாடிக்கு 1.2 கோடி பிட்தான் தாங்கும். மேலே சொன்ன 14 கோடி எங்கே, இது எங்கே? 2000 ஏப்ரலில் யூஎஸ்பி 2.0 வந்து 48 கோடி ஆனது. 2003ல் கேமராக்களுக்கென்று யூவிசி என்ற பொது விதி வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கேமராவோடும் ஒரு சிடி வரும். சிடி தொலைந்தால் கேமராவும் போச்சு. இன்று எந்தக் கேமராவைச் சொருகினாலும் தானாக வேலை செய்கிறது என்றால் இந்த விதிதான் காரணம். பெரிதாக யாரும் பாடாத புண்ணியம்.

ஆனால் யூஎஸ்பி 2.0விலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1280க்கு 720 படம், வினாடிக்கு 30 என்றால் சுமார் 44 கோடி பிட். காகிதத்தில் 48க்குள் அடங்குகிறது, நடைமுறையில் அடங்காது. சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்குப் பத்து படம்தான் வரும். எனவே கேமராவே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் போட்டோ மாதிரி சுருக்கி அனுப்புகிறது. லேப்டாப் அதை விரித்து, செயலிக்குக் கொடுக்க, செயலி மறுபடி வேறு விதமாகச் சுருக்கி இணையத்தில் விடுகிறது. பெட்டியைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டுகிற வேலை. வினாடிக்கு முப்பது முறை. செய்வது யார்? லேப்டாப்பின் பிராசசர்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். அந்த இரண்டாவது சுருக்கலை எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தினமும் முதல் பக்கத்திலிருந்து முழுதாக எழுத மாட்டோம். நேற்றைய இருப்பு, இன்றைய வவுச்சர்கள், அவ்வளவுதான். வீடியோவும் அப்படியே. முதல் படம் முழுதாகப் போகும். பிறகு என்ன மாறியதோ அது மட்டும். பின்னால் இருக்கும் சுவர் மாறவில்லை, அனுப்ப வேண்டாம். முகம் நாலு புள்ளி இடது பக்கம் நகர்ந்தது, "நாலு புள்ளி நகர்த்து" என்ற குறிப்பு மட்டும் போகும். 2003ல் வந்த எச்.264 இதை மிகத் திறமையாகச் செய்தது. 14 கோடி பிட் அரைக் கோடிக்கும் ஒரு கோடிக்கும் எவ்வளவோ கீழே, பத்து லட்சத்துக்குள் அடங்கியது.

வழியில் ஒரு வவுச்சர் தொலைந்தால் என்ன ஆகும்? அடுத்த முழு இருப்பு வரும்வரை கணக்கு தப்பாகவே ஓடும். அம்மாவின் கன்னம் கட்டம் கட்டமாக உடைந்து இழுபடுவது அதுதான். அது நிஜமாகவே லைன் கோளாறு.

ஆனால் எது எங்கே நகர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது இருக்கிறதே, அது வருடக் கடைசி ரீகன்சிலியேஷன் மாதிரி. விடையைப் படிப்பது சுலபம், ஒப்பிட்டுத் தேடுவதுதான் பெண்டு நிமிர்த்தும். லைனின் பாரத்தைக் குறைத்த புண்ணியவான்கள் அந்தப் பாரத்தை லேப்டாப்பின் தலையில் ஏற்றிவிட்டார்கள். 2006 ஜனவரியில் ஸ்கைப்பில் இலவச வீடியோ வந்தபோது நாம் இணையம் வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். வளர்ந்தது பாதி. மீதிப் பாதி வேலையைச் சத்தமில்லாமல் நம் வீட்டு பிராசசர் செய்தது. மின்விசிறி மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டது.

இதற்கும் மருந்து வந்தது. 2011 ஜனவரியில் இன்டெல் தன் பிராசசருக்குள் வீடியோ சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு பகுதியை வைத்தது. குவிக் சிங்க் என்று பெயர். இந்த ஒரு வேலையை மட்டும் செய்கிற குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன்களில் இந்தக் குமாஸ்தா கட்டாயம். ஃபோனில் வீடியோ எடுக்க வேண்டுமே, பேட்டரியும் தாங்க வேண்டுமே. எதிர்வீட்டுப் பையனின் பத்தாயிரம் ரூபாய் ஃபோன் ஜெயிப்பதன் ரகசியம் இதுதான். அதன் பிராசசர் கிட்டத்தட்ட சும்மா இருக்க, தனிக் குமாஸ்தா வேலையை முடித்துவிடுகிறார். பழைய லேப்டாப்பில் மேனேஜரே வவுச்சர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"என் லேப்டாப் 2013ல் வாங்கியது, அதில் குமாஸ்தா உண்டே" என்பீர்கள். உண்டு. ஆனால் அவருக்குத் தெரிந்த பாஷை எச்.264. 2010ல் கூகுள் விபி8 என்ற வேறு முறையை இலவசமாகத் திறந்துவிட்டது. 2011ல் அதை வைத்து பிரவுசருக்குள்ளேயே பேசும் வசதி, வெப்ஆர்டிசி, வந்தது. பிறகு விபி9. பிரவுசரில் நடக்கும் பேச்சுகளில் பெரும்பகுதி இந்த முறைகளில் ஓட ஆரம்பித்ததும் பழைய குமாஸ்தா கைகட்டி நிற்க, வேலை மறுபடி மேனேஜர் மேஜைக்கே வந்தது. வாங்கியபோது நன்றாக இருந்த லேப்டாப் எதையும் மாற்றாமலேயே மந்தமாவது இப்படித்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இந்த உண்மை எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் அம்பலமானது. அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசினோம். இப்போது வகுப்பில் இருபது கட்டம், ஆபீஸில் ஒன்பது கட்டம், வளைகாப்பில் இருபத்தைந்து கட்டம். ஒவ்வொரு கட்டமும் விரித்துக் காட்ட வேண்டிய ஒரு வீடியோ. போதாததற்கு பின்னால் கொடைக்கானல் ஏரி வேறு. அந்தப் பின்னணியை மாற்ற, ஒவ்வொரு படத்திலும் தலை எது, சுவர் எது என்று லேப்டாப் வெட்டிப் பிரிக்க வேண்டும். தமிழக அரசு 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கணினி. அவற்றில் முந்தியவை 2020ல் ஒன்பது வயதுக் கிழவர்கள். பாவம், என்ன செய்யும்?

முகம் பார்ப்பதோடு விஷயம் நின்றிருந்தால் நான் இவ்வளவு நீட்டி முழக்கியிருக்க மாட்டேன். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வீடியோ மூலம் வாடிக்கையாளரை அடையாளம் காண அனுமதித்தது. 2021 நவம்பரில் ஸ்டேட் வங்கி ஓய்வூதியர்களுக்கு வீடியோ வழியாகவே உயிர்வாழ் சான்று கொடுக்கும் வசதியைத் தொடங்கியது. மறுமுனையில் இருக்கும் அதிகாரிக்குப் பான் அட்டையின் எழுத்து தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டும், ஆள் அசைய வேண்டும். படம் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வீடியோ கேஒய்சியில் அழைப்பு அறுந்தால் முதலிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது விதி. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் நாலு முறை அட்டையைத் தூக்கிக் காட்டி, கை நடுங்கி, "இது நமக்கு ஒத்து வராதுப்பா" என்று எழுந்து போவதைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும். அவருக்கு ஒத்து வராதது தொழில்நுட்பம் இல்லை. பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெட்டிதான்.

சரி, உங்கள் வீட்டில் குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியூ என்ற இடத்தில் 90, 100 என்று நின்றால் லேப்டாப் திணறுகிறது. 30, 40ல் இருந்தும் படம் நின்றால் லைனைத் திட்டலாம். மெமரி 90க்கு மேல் இருந்தால் ராம் பற்றாக்குறை, ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஊரில் இருப்பவர்களிடம் அந்தத் திரையை ஃபோனில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். இங்கிருந்தே தெரிந்துவிடும்.

லேப்டாப்தான் என்றால், செலவில்லாத வைத்தியத்திலிருந்து ஆரம்பியுங்கள். பின்னணிப் படத்தையும் மங்கலாக்குவதையும் நிறுத்துங்கள். எச்டி என்று இருப்பதை அணையுங்கள். 1280க்கு 720லிருந்து 640க்கு 360 ஆனால் புள்ளிகள் நாலில் ஒரு பங்கு, வேலையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். சின்னத் திரையில் அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. சார்ஜரைச் சொருகியே பேசச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் போய் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்பதை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மிகப் பழைய மெஷின்களில் சிலதுக்கு அது இருந்தால் நல்லது, சிலதுக்கு இல்லாவிட்டால் நல்லது. வெளிக் கேமரா என்றால் நேராக லேப்டாப்பில் சொருக வேண்டும், ஹப்பில் மவுஸ் பென்டிரைவோடு சேர்த்து அல்ல.

பலருக்குத் தெரியாத ஒன்று வெளிச்சம். இருட்டான கூடத்தில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கும். பதினைந்தில் ஒரு வினாடி திறந்திருந்தால் வினாடிக்குப் பதினைந்து படத்துக்கு மேல் எடுக்கவே முடியாது. அதாவது சுருக்குவதற்கு முன்பே பாதி போய்விட்டது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள்.

வெயிலும் ஒரு காரணம். நான் இருக்கும் நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி சர்வசாதாரணம். உள்ளே விசிறியில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தால் சூடு தாங்காமல் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு ஆறாவது நிமிடம் நிற்கிறதா? பெரும்பாலும் இதுதான். மெத்தை மேல் வைத்துப் பேசுவது இன்னும் மோசம்.

மென்பொருள் பக்கம், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. 2023 பிப்ரவரி முதல் புது குரோமும் அதில் வருவதில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ல் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 சுமார் 2017க்கு முந்தைய மெஷின்களை ஏற்காது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பது நல்ல வழி. நான் மேலே சொன்ன யூவிசி விதிக்கு லினக்ஸில் 2008லேயே ஆதரவு வந்துவிட்டது, எனவே கேமரா பெரும்பாலும் சொன்ன பேச்சு கேட்கும். ஸ்கைப்பைத் தேடாதீர்கள். 2025 மே 5ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். யாகூ மெசஞ்சர் அதற்கும் முன்னால், 2018லேயே போய்ச் சேர்ந்தது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், டிக்கெட் எடுத்த கையோடு லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மாடல் நம்பரைத் தெரிந்துகொள்ளுங்கள். ராம் டிடிஆர்3 வகையா 4 வகையா என்று கடைக்காரர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பையில் ஒரு எஸ்எஸ்டி, ஒரு ராம், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ். இடம் இருந்தால் ஒரு டேபிள் லேம்ப்பும்.